பதிவேட்டில் இல்லாத பிள்ளைக்கும் கொப்பி வேண்டும்

புதிய கல்வியாண்டு நெருங்கும்போது ஹாலிஎல நகரிலும் பதுளை கடைவீதியிலும் அப்பியாசக் கொப்பிகள் கடை வாசல்வரை வந்துவிடுகின்றன. பாடசாலை மாணவர்களுக்கு விசேட விலைக்கழிவு என்ற அறிவித்தலை ஒட்டாத புத்தகக் கடையைக் காண்பது அரிது. ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய அறிவித்தல் என்பதால் அதிலுள்ள ‘பாடசாலை மாணவர்’ என்ற சொற்களை எவரும் நின்று யோசிப்பதில்லை. ஆனால் பாடசாலைக்குப் போகாமல், அதேவேளை படிப்பையும் கைவிடாமல் இருக்கும் பிள்ளைகள் நம் மத்தியில் இருக்கின்றார்கள். அந்தப் பிள்ளைக்கும் அதே கொப்பி, அதே பேனை, அதே கணிதக் கருவிப்பெட்டிதான் தேவை. அந்தப் பிள்ளைக்கு விலைக்கழிவு உண்டா, இல்லையா என்பதே நமது கேள்வி.

அமெரிக்கா போன்ற நாடுகளில் இந்தக் கேள்விக்குப் பல கடைகள் எப்போதோ விடை சொல்லிவிட்டன. நமது நாட்டில் அப்படியொரு கேள்வி இருப்பதே பலருக்குத் தெரியாது. காரணம், இங்கே கல்விக்கான உதவிகள் அனைத்தும் பாடசாலை என்ற ஒரே வாசலால்தான் வருகின்றன.

உதவி வரும் வழி

1945இல் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980இல் இலவசப் பாடநூல்கள் வந்தன. 1993இல் இலவசச் சீருடைத் துணி வந்தது. பின்னர் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் வழங்கப்பட்டு, மறுபடியும் துணியே வழங்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுக்குத் தேவையான சீருடைத் துணி முழுவதையும் சீனா அன்பளிப்பாகத் தந்தது. குறைந்த மாணவர் தொகையுள்ள பாடசாலைகளின் பிள்ளைகளுக்கும் பிரிவெனா மாணவர்களுக்கும் 3,000 ரூபாய் பெறுமதியான பாதணி வவுச்சர் வழங்கப்பட்டது. அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எழுதுகருவிகள் வாங்குவதற்காக 6,000 ரூபாய் வழங்கும் திட்டமும் 2025 கல்வியாண்டை முன்னிட்டு வந்தது.

இவை நல்ல திட்டங்கள். ஊவாவின் தோட்டப் பாடசாலைகளில் பல, மாணவர் தொகை குறைந்த சிறிய பாடசாலைகள். ரொக்கத்தென்ன, உடுவர, ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களின் லயன் வீடுகளுக்கு ஒரு சோடி சப்பாத்து வந்து சேர்வது சின்ன விடயமல்ல. அதை எவரும் குறைத்து மதிப்பிடக்கூடாது.

ஆனால் இத்திட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளையின் பெயர் ஒரு பாடசாலையின் வரவுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதிபர் கணக்கெடுத்து வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்புகின்றார். அங்கிருந்து மாகாணத்துக்கும் அமைச்சுக்கும் அந்த எண்ணிக்கை போகின்றது. உதவி அதே பாதையால் திரும்பி வருகின்றது. பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அந்தப் பிள்ளை எண்ணிக்கையில் இல்லை. எண்ணிக்கையில் இல்லையென்றால் உதவியிலும் இல்லை. இதில் எந்த அதிகாரியையும் குறை சொல்ல இடமில்லை. கோடிக்கணக்கான பொதுப் பணத்தை வழங்கும்போது ஏதாவதொரு பட்டியல் வேண்டும். அரசாங்கத்தின் கையில் இருக்கும் பட்டியல் அதுதான்.

கடைக்காரர்களோ எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலேயே அதே பட்டியலைப் பின்பற்றுகின்றார்கள். இதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

பதிவேட்டுக்கு வெளியே இருப்பவர்கள் யார்?

வீட்டுக் கல்வி என்றதும் கொழும்பில் வசதியாக வாழும், ஆங்கில மொழிமூலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் சில குடும்பங்களே நினைவுக்கு வருகின்றன. அவர்களும் இருக்கின்றார்கள். ஆனால் நமது மலைப்பகுதியில் வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளை வேறு மாதிரியானவர்.

முதலாவது, நோயினாலோ உடற்குறைபாட்டினாலோ பாடசாலைக்குப் போக முடியாத பிள்ளை. சரிவான தோட்டப் பாதையில் சக்கர நாற்காலி போகாது. விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான வகுப்பு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. தாய்தான் ஆசிரியை, அடுப்படி மேசைதான் வகுப்பறை.

இரண்டாவது, ஹிப்ழு மத்ரஸாவிலோ அரபுக் கல்லூரியிலோ முழுநேரமாக ஓதிக்கொண்டு, சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தயாராகும் மாணவர். சில நிறுவனங்கள் பாடசாலைப் பாடங்களையும் ஒழுங்காகக் கற்பிக்கின்றன. சிலவற்றில் பெற்றோரே விடுமுறையில் பிள்ளையை வீட்டில் வைத்துக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கின்றது.

மூன்றாவது, இடையில் படிப்பை விட்டுவிட்டு மீண்டும் படிக்க விரும்பும் இளைஞர். தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ போய்த் திரும்பிய பிள்ளைகள் எத்தனையோ பேர். சாதாரண தரச் சான்றிதழ் இல்லாததன் கஷ்டத்தை உணர்ந்து 17, 18 வயதில் மறுபடியும் புத்தகத்தைத் தேடுபவர்கள் அவர்கள்.

நான்காவதாக, 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் ஒரு புதிய தொகுதியைச் சேர்த்தது. மண்சரிவினால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வீடிழந்து உறவினர் வீடுகளுக்குச் சென்ற குடும்பத்துப் பிள்ளையின் பெயர் ஓரிடத்துப் பதிவேட்டில் இருக்க, பிள்ளை வேறோர் ஊரில் இருக்கும் நிலை இத்தகைய அனர்த்தங்களின்போது வழக்கமாக ஏற்படுகின்றது. புதிய பாடசாலையில் அனுமதி கிடைக்கும்வரை அந்தப் பிள்ளையும் வீட்டிலிருந்துதான் படிக்கின்றது.

இந்த நான்கு வகையினருக்கும் அரசாங்கம் ஒரேயொரு உதவியை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்காமல் தருகின்றது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எவரும் பதிவிறக்கலாம். மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் அவ்வாறே கிடைக்கின்றன. ஆனால் கைப்பேசித் திரையில் விஞ்ஞானப் புத்தகம் படிப்பது எவ்வளவு தூரம் சரிவரும்? அதைத் தாளில் எடுக்கப் பிரதி எடுக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். பாடசாலை மாணவருக்கு இலவசமாகக் கையில் கிடைக்கும் புத்தகம், வீட்டில் படிக்கும் மாணவருக்குப் பக்கக் கணக்கில் விலையாகின்றது.

நாம் எல்லோரும் வீட்டில் படிப்பித்த காலம்

2020 மார்ச் மாதம் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாடு முழுவதும் வீட்டுக் கல்விக்கு மாறியது. அப்போது பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணைய சமிக்ஞைக்காக மலைப்பாறை மீது ஏறிய செய்தி உலக ஊடகங்களில் வந்தது. ஒரு சாதாரணத் தொலைபேசிகூட இல்லாத தோட்ட வீடுகளின் நிலை செய்தியிலும் வரவில்லை.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு விடயம் நமக்குப் பாடமாக இருக்கின்றது. கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தைத் தரவுக் கட்டணமின்றிப் பார்ப்பதற்குத் தொலைபேசி நிறுவனங்கள் வழி செய்தன. தளத்துக்குள் நுழைபவர் எந்தப் பாடசாலை, எந்த வகுப்பு என்று அங்கே எவரும் கேட்கவில்லை. படிக்க வருபவருக்குச் சலுகை என்பதே அதன் அடிப்படை. ஒரு வியாபார நிறுவனம் பதிவேட்டைப் பார்க்காமலும் கல்விச் சலுகை வழங்கலாம் என்பதற்கு நமது நாட்டிலேயே உள்ள முன்மாதிரி அது.

2022இல் டொலர் நெருக்கடியால் கடதாசித் தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அப்போது ஏறிய கொப்பி விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரி முதல் பெறுமதிசேர் வரியும் 15இலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. எனவே விலைக்கழிவு என்பது இன்று ஒரு கவர்ச்சி விளம்பரம் மாத்திரமல்ல. பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாய் என்றும், வரவுக்காக அரசாங்கம் மேலும் 200 ரூபாய் வழங்கும் என்றும் 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. உதாரணமாக ஒரு பிள்ளைக்கு 8,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், 10 சதவீதக் கழிவு 800 ரூபாய். தோட்டத்துத் தாய் ஒருவர் அரை நாள் கொழுந்து பறித்துப் பெறும் கூலி அது. இதைச் சில்லறை என்று நாம் சொல்ல முடியாது.

வெளிநாட்டுக் கடைகள் எப்படிச் செய்கின்றன?

அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டபூர்வமாகிவிட்டது. அந்நாட்டுக் கல்விப் புள்ளிவிபரத்தின்படி 2016இல் சுமார் 17 இலட்சம் பிள்ளைகள், அதாவது பாடசாலை வயதினரில் 3.3 சதவீதத்தினர், வீட்டில் கற்றார்கள். அவ்வளவு பேர் வாங்கும் புத்தகத்தையும் எழுதுகருவியையும் எந்த வியாபாரிதான் விட்டுவிடுவார்? பார்ன்ஸ் அன்ட் நோபிள் என்ற பெரிய புத்தகக் கடைத் தொடர், ஆசிரியர்களுக்கான தனது விலைக்கழிவை வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கும் வழங்குகின்றது. அப்பிள் நிறுவனத்தின் கல்வி விலையும் அவர்களுக்கு உண்டு. பெற்றோரை ஆசிரியர் என்று ஏற்றுக்கொள்வதுதான் இதன் சாரம்.

அதற்கு ஆதாரம் என்ன? மாநில அல்லது மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கொடுத்த அறிவித்தல் கடிதத்தின் பிரதி, அல்லது வீட்டுக் கல்விச் சங்கமொன்றின் அங்கத்துவ அட்டை போதுமானதாக இருக்கின்றது. கற்பித்தலுக்கான பொருட்களுக்கு மட்டுமே கழிவு என்ற வரையறையும் உண்டு. சொந்த வாசிப்புக்கோ அன்பளிப்புக்கோ வாங்குவதற்கு அல்ல.

எல்லா நாடுகளும் அப்படியல்ல. ஜெர்மனியில் வீட்டுக் கல்விக்கு அனுமதியே இல்லை. இலங்கை இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றது. 1998 முதல் 5 தொடக்கம் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்றிருந்தது. 2016இல் அது 16 வயது வரை உயர்த்தப்பட்டது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்குப் பரீட்சைத் திணைக்களம் இடமளிக்கின்றது. ஆனால் வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு அமெரிக்கப் பெற்றோரிடம் இருப்பது போன்ற ஒரு துண்டுக் கடிதம் இங்கே இல்லை. கடைக்காரர் நம்பிக்கையோடு பார்க்கக்கூடிய ஓர் ஆதாரம் இல்லாததே இங்குள்ள உண்மையான தடை. மனமில்லாததால் கழிவு கொடுக்காத வியாபாரிகளைவிட, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாததால் கொடுக்காதவர்களே அதிகம்.

அஞ்ச வேண்டிய விடயம்

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதத்தை நேர்மையாகப் பார்க்க வேண்டும். பாடசாலைக்கு வெளியே இருக்கும் பிள்ளைக்குச் சலுகை கொடுத்தால், பிள்ளையை வெளியே வைத்திருக்க அது பெற்றோருக்கு ஊக்கமாகிவிடாதா? பெண் பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, வீட்டில் படிக்கின்றாள் என்று சொல்பவர்கள் நம்மில் இல்லையா? தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட அக்காவையும் ‘வீட்டு மாணவி’ என்று சொல்லிவிட மாட்டார்களா?

இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் விலைக்கழிவை மட்டும் தனியாகப் பேசக்கூடாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பிள்ளை ஏன் பாடசாலையில் இல்லை என்பதுதான். சப்பாத்து இல்லாததா, பஸ் செலவா, பிறப்புச் சான்றிதழ் இல்லாததா, ஓர் ஆசிரியரின் கடுஞ்சொல்லா? இவற்றில் பலவற்றை ஊர் மட்டத்திலேயே தீர்த்து, பிள்ளையை வகுப்புக்குத் திருப்பி அனுப்ப முடியும். நோய், உடற்குறைபாடு, இடப்பெயர்வு போன்ற உண்மையான காரணம் இருந்தால் வீட்டுப் படிப்புக்குத் துணை நிற்க வேண்டும்.

இன்னொரு கோணத்தில் பாருங்கள். பதிவேடு காணாத பிள்ளையை அதிபர் காண்பதில்லை. வலயக் கல்விப் பணிமனையும் காண்பதில்லை. அப்பிள்ளையின் தாய் கொப்பி வாங்க வரும்போது கடைக்காரர் காண்கின்றார். சலுகை இருக்கின்றது என்று தெரிந்தால் அந்தத் தாய் வெளிப்படையாக வந்து கேட்பார். சலுகை இல்லையென்றால் கடனுக்கு இரண்டு கொப்பியை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார். அந்த 800 ரூபாயைவிட, மறைந்திருக்கும் பிள்ளையை நாம் கண்டுபிடிப்பதே பெரிய இலாபம்.

ஹாலிஎலயில் என்ன செய்யலாம்?

முதலாவது, ஒரு கடிதம். பிள்ளையின் பெயர், வயது, எந்த வகுப்புப் பாடம் படிக்கின்றது, யார் கற்பிக்கின்றார், எந்தப் பரீட்சையை நோக்கிப் படிக்கின்றது என்ற ஐந்து விபரங்கள் போதும். இரண்டு பேர் கையொப்பமிட வேண்டும். ஒருவர் கிராம உத்தியோகத்தராகவோ பாடசாலை அதிபராகவோ இருக்கட்டும். மற்றவர் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, கோவில் பரிபாலன சபை, விகாரை, தேவாலயம், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆகியவற்றில் எதைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். கடிதம் ஓராண்டுக்கே செல்லுபடியாகட்டும். புதுப்பிக்க வரும்போது பிள்ளையின் கொப்பிகளையும் கொண்டுவரச் சொன்னால், உண்மையில் படிப்பு நடக்கின்றதா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, இச்சலுகையை முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒருபோதும் வரையறுக்கக்கூடாது. நமது வியாபாரம் மூவின மக்களின் காசில் நடக்கின்றது. ஹாலிஎல சந்தியில் கடை வைத்திருப்பவரின் வாடிக்கையாளரில் தோட்டத்துத் தமிழ்க் குடும்பமும் கிராமத்துச் சிங்களக் குடும்பமும் அடக்கம். பள்ளிவாசல் கடிதத்துக்குக் கழிவு, கோவில் கடிதத்துக்கு இல்லை என்ற நிலை வந்தால் அது அநீதி மட்டுமல்ல, நமக்கே தீமையாக முடியும்.

மூன்றாவது, கடைக்காரரின் கணக்கையும் நாம் மதிக்க வேண்டும். கொப்பியில் கிடைக்கும் இலாபம் குறைவு. பருவகாலத்தில் புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் பின்திகதியிட்ட காசோலை கொடுத்துச் சரக்கு எடுக்கும் சிறு வியாபாரியிடம் 20 சதவீதம் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது. கொப்பிக்கு 5 சதவீதமும், இலாபம் சற்றுக் கூடிய புத்தகப்பை, பென்சில் பெட்டி போன்றவற்றுக்குக் கூடுதலாகவும் கொடுக்கலாம். பிரதி எடுக்கும் கடைகள் பாடநூல் பக்கங்களுக்கு மட்டும் ஒரு தனி விலை வைக்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு மிகவும் பயன்படுவது அதுதான்.

நான்காவது, கடை தாங்க முடியாத பங்கை ஊர் தாங்கலாம். தனவந்தர்கள் சேர்ந்து, விலை ஏறுவதற்கு முன்பே மொத்தமாகக் கொப்பி வாங்கிக் கடையில் வைத்தால் அதே தொகைக்குக் கூடுதலான பிள்ளைகள் பயன்பெறுவர். மேல் வகுப்புக்குச் சென்ற பிள்ளைகளின் பழைய வழிகாட்டி நூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் ஓரிடத்தில் சேர்த்து வைப்பதற்குச் செலவேயில்லை. இங்கே ஒரு விளக்கம் அவசியம். விலையைக் குறைத்துக் கொடுத்ததையே ஸகாத்தாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று வியாபாரிகள் தாமாக முடிவெடுக்க வேண்டாம். ஸகாத் தகுதியானவரின் கையில் உடைமையாகச் சேர வேண்டிய கடமை. எனவே விலைக்கழிவை வேறு கணக்காகவும் ஸகாத்தை வேறு கணக்காகவும் வைத்துக்கொண்டு, ஐயமிருந்தால் ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பானது.

ஐந்தாவது, அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதையும் கேட்க வேண்டும். பிரிவெனா மாணவர்கள் பாதணி வவுச்சர் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றார்கள். அது வரவேற்கத்தக்கது. வழமையான பாடசாலைக்கு வெளியே கற்பவர்களையும் உதவித் திட்டத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதை அதுவே காட்டுகின்றது. அதே நியாயத்தின்படி, மருத்துவச் சான்றிதழுடன் வீட்டிலிருந்து கற்கும் பிள்ளை, பதிவு செய்யப்பட்ட மத நிறுவனத்தில் இருந்துகொண்டு தேசியப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளை, அனர்த்தத்தால் இடம்பெயர்ந்து அனுமதிக்காகக் காத்திருக்கும் பிள்ளை ஆகியோரையும் பிரதேச செயலகத்தின் ஊடாகச் சேர்த்துக்கொள்ளும்படி ஊவாவின் மக்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் பேச வேண்டும். இதை முஸ்லிம்களின் கோரிக்கையாக மட்டும் முன்வைக்காமல், மலையகப் பிரதிநிதிகளுடன் சேர்ந்து முன்வைத்தால் அதற்குப் பலம் கூடும்.

சட்டமும் சுற்றுநிருபமும் மாறுவதற்குக் காலமெடுக்கும். கடை வாசலில் ஒட்டியிருக்கும் அறிவித்தலை மாற்றுவதற்கு ஒரு நாள் போதும். ‘பாடசாலை மாணவர்களுக்கு’ என்றிருப்பதைப் ‘படிக்கும் பிள்ளைகளுக்கு’ என்று மாற்றி, கீழே ‘வீட்டிலிருந்து படிப்போர் கடிதம் கொண்டுவரவும்’ என்று ஒரு வரியைச் சேர்க்கலாம். ஹாலிஎலயிலும் பதுளையிலும் உள்ள வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் அடுத்த பருவகாலம் தொடங்குவதற்கு முன் ஒருமுறை கூடிப் பேசினால், இது இவ்வாண்டே நடக்கக்கூடிய காரியம்.